புகார்ப் பெட்டியில் பூஜ்ஜியம்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டு பையர்கள், அதாவது எங்களிடம் ஆடை வாங்கும் நிறுவனங்கள், அனுப்பும் வினாப்படிவங்களை நிரப்புவதும், ஆடிட்டுக்கு வருபவர்களிடம் பதிவேடுகளை எடுத்துக் காட்டுவதும்தான் எட்டு ஆண்டுகளாக என் வேலை. அந்தப் படிவங்களில் தவறாமல் இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆண்டு தொழிலாளர்களிடமிருந்து எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனை தீர்க்கப்பட்டன. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கட்டத்தில் நான் பூஜ்ஜியம் எழுதினேன். நான் பொய் எழுதவில்லை. மாதம் ஒருமுறை குழுவினர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம், அது காலியாக இருந்தது, காலிப் பெட்டியைப் படமெடுத்துக் கோப்பில் வைத்தோம். அந்த பூஜ்ஜியத்துக்கு எங்களுக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. தையல் பிரிவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்ணிடம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, தானாகவே அவர் சொன்னார்: "எழுதிப் போட்டா கையெழுத்தப் பாத்தே யாருன்னு கண்டுபுடிச்சுருவாங்கண்ணா. அப்புறம் அடுத்த வாரம் எனக்கு மிஷினே இருக்காது." அன்று மாலை பெட்டியின் முன்னால் போய் நின்று பார்த்தேன். அது மேலாளர் அறைக்கு வெளியே, கேமராவுக்கு நேர் கீழே மாட்டப்பட்டிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த அறிவிப்பு தமிழில் மட்டுமே இருந்தது. எங்கள் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஆறு ஆண்டுகளாக நான் அளந்தது தொழிலாளர்களின் குறைகளை அன்று, அவர்களுடைய அச்சத்தை. அந்த எண்ணுக்கு நானே கையெழுத்தும் போட்டிருந்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021 மே மாதத்தில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டிலிருந்து வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக அளிக்க வேண்டும். ஆற்றல், நீர், கழிவு, ஊதியம், விபத்து, புகார் என அதில் கேட்கப்படும் எண்கள் ஏராளம். 2023-இல் அவற்றிலிருந்து மிக முக்கியமானவற்றைப் பிரித்தெடுத்து, வெளியார் ஒருவர் சரிபார்த்து உறுதியளிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் செபி கொண்டுவந்தது. நான் இந்த ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன். ஒன்றுமே கேட்கப்படாத காலத்தை விட இது எவ்வளவோ மேல். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இல்லாதவை என்பதால், அதே வகைக் கேள்விகள் எங்களுக்கு பையர்கள் வழியாக வருகின்றன. எந்த வழியாக வந்தாலும், சரிபார்ப்பவர் பெட்டி திறக்கப்பட்டதா, பதிவேட்டில் ஏறியதா என்றுதான் பார்க்கிறார். பெட்டி எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை.

விபத்துக் கணக்கிலும் இப்படி ஒரு பூஜ்ஜியம் உண்டு. வேலைநாள் இழப்பை ஏற்படுத்திய காயங்களைப் பத்து லட்சம் உழைப்பு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். விரலில் ஊசி ஏறிய ஒருவருக்குக் கட்டுப்போட்டு, மறுநாள் பிசிர் வெட்டும் மேசையில் உட்காரவைத்துவிட்டால், நாள் இழப்பு இல்லை; எனவே கணக்கில் காயமும் இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாரம் கூலி பாதியாகக் குறைந்ததைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் எங்கள் ஊரில் மிகப் பெரிய பூஜ்ஜியம் சாயத் தண்ணீருடையது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயமேறிய பின் அந்த உப்பு முழுவதும் தண்ணீரோடுதான் வெளியேறும். பல ஆண்டுகள் அது நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் ஊரே ஸ்தம்பித்துப் போனதை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் திரும்ப இயங்கத் தொடங்கின. உயிரியல் சுத்திகரிப்பு, சவ்வூடு வடிகட்டல், எஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து வற்றச்செய்தல் என்று பல கட்டங்களைக் கொண்ட அந்த முறையை இவ்வளவு பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது எளிய சாதனை அன்று. இந்த ஊர்க்காரனாக அதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

ஆனாலும் படிவத்தில் 'வெளியேற்றிய கழிவுநீர்: 0' என்று எழுதும்போது, அந்த பூஜ்ஜியத்துக்கு வேறு எங்கே விலை கொடுக்கப்படுகிறது என்பதையும் எழுத இடம் வேண்டும் என்று விரும்புகிறேன். வற்றவைக்கத் தேவையான நீராவிக்கு பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. பம்புகளும் சவ்வுகளும் மின்சாரத்தை விழுங்குகின்றன. கடைசியில் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. நீர்ப் பக்கத்தில் பூஜ்ஜியமானது ஆற்றல் பக்கத்திலும் கழிவுப் பக்கத்திலும் எண்ணாக ஏறுகிறது. துணியை வாங்கும் பையருக்குச் சாயப்பட்டறை வேறு நிறுவனம் என்பதால், அந்த எண்கள் அவருடைய அறிக்கைக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடவும் கூடும். ஒரு நிறுவனத்தின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே உப்பு ஒருவருடைய கணக்கில் இருக்கும், இன்னொருவருடைய கணக்கில் இருக்காது.

சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியின் பால்டியா பகுதியில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலையை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. சமூகப் பொறுப்புக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் 2012 ஆகஸ்டில் அந்த ஆலைக்குக் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆடிட் அறையில் பதிவேடுகளை அடுக்கிவைக்கும் ஒவ்வொரு முறையும், அந்த ஆலையிலும் என்னைப் போல் ஒருவர் இப்படித்தான் அடுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை மதிப்பெண் போடும் ஆறு அமைப்புகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வொன்று, அவற்றின் மதிப்பெண்களுக்கு இடையேயான ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54 மட்டுமே என்று காட்டியது. வேறுபாட்டில் பாதிக்கு மேல், ஒரே பண்பை ஆளுக்கொரு குறியீட்டால் அளப்பதனால் வருவது. தொழிலாளர் நலனை ஒருவர் வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையால் அளக்கிறார், இன்னொருவர் வழக்குகளின் எண்ணிக்கையால் அளக்கிறார். வழக்குப் போட வழியே இல்லாத இடம் இரண்டாமவரின் கணக்கில் நல்ல இடமாகிவிடும். எங்கள் காலிப் பெட்டிக்கு மதிப்பெண் கிடைத்தது போலத்தான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை, அதுவும் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆடை ஆலையில் வேலைசெய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள், ஆடை வாங்கும் பிராண்டுகள் ஆகியோரைக் கட்டுப்படுத்திய அந்த ஏற்பாட்டில், தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தங்கள் பிரிவின் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, ஏறத்தாழ எல்லாமே தீர்க்கப்பட்டன. நான் நிரப்பும் படிவத்தின் கணக்குப்படி 185 என்பது மோசமான மதிப்பெண். எனக்கோ, இந்தத் துறையில் நான் கேள்விப்பட்ட எண்களிலேயே நம்பிக்கை தருவது அதுதான்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்த பிறகு எங்கள் கம்பெனியிலும் சிலவற்றை மாற்றக் கேட்டேன். முதலாளி உடனே ஒப்புக்கொள்ளவில்லை; மூன்று மாதம் பேசினோம். இப்போது பெட்டி பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில், கேமரா இல்லாத சுவரில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, மேற்பார்வையாளர்கள் இல்லாத அறையில், ஒடியா பேசத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறார். சொல்பவரின் பெயரை எழுதுவதில்லை. முதல் ஆறு மாதத்தில் 31 புகார்கள் வந்தன. பாதிக்கு மேல் குடிநீர், கழிவறைக்குப் போக அனுமதி, ஓவர்டைம் கணக்கு ஆகியவை பற்றியவை. நான்கு, ஒரே மேற்பார்வையாளரின் பேச்சைப் பற்றியவை. அவர் இப்போது அந்த வரிசையில் இல்லை.

இந்த முறை படிவத்தில் 31 என்று எழுதி, பெட்டியின் இடமாற்றத்தையும் புதிய ஏற்பாட்டையும் விளக்கி ஒரு பக்கம் இணைத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து பையரின் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரியில் கேள்வி வந்தது: புகார்கள் திடீரென அதிகரித்ததற்கான காரணத்தையும் திருத்த நடவடிக்கைத் திட்டத்தையும் இரண்டு வாரங்களுக்குள் அளிக்கவும். அவர்களுக்கு எழுதும் பதிலோடு, முந்தைய ஆறு ஆண்டுகளின் பூஜ்ஜியங்கள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.