அழகுபடுத்திய கரையில் வலையை எங்கே உலர்த்துவது?

கடற்கரையை மேம்படுத்தும் திட்டங்களின் வரைபடம் பெரும்பாலும் சாலையிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் வண்டி நிறுத்தம், அடுத்து நடைபாதை, அதன் விளிம்பில் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் நீல வண்ணம் தீட்டிய கடல். இராமநாதபுரம் கரையில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். தண்ணீர் விளிம்பில் யார், எந்த நேரத்தில், கையில் எதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அங்கிருந்து நிலத்தை நோக்கி வரைய வேண்டும்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற பெண்கள் ஈர மூட்டையோடு கரையேறுகிறார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் எஞ்சினைக் கம்பில் கட்டி, இரண்டு பேர் தோளில் தூக்கி வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் தை, ஆடி அமாவாசைகளில் வயதானவர்கள் ஈரச் சேலையோடும் வேட்டியோடும் படியேறுகிறார்கள். நடைபாதை இவர்களுக்கு நடுவே வருகிறது. குறுக்கே வந்துவிடக் கூடாது.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்று இராமேசுவரம் தீவில் சொல்வார்கள். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல். ஒன்று கலங்கும்போது படகை மறு கரைக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. அதனால் ஒரு மாதம் எண்ணிய படகுக் கணக்கை ஆண்டு முழுதுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அளவெடுப்பது இன்னும் மோசம். விசைப்படகு இறங்குதளத்தில் லாரியும் ஐஸும் கூடைகளும் இல்லாத நேரம் அது. அந்த வெறுமையைப் பார்த்து 'பயன்படாத இடம்' என்று குறித்துவிட்டால், தடை முடிந்த மறுநாளே சண்டை தொடங்கும்.

அதிகம் பிழைபடுவது திறப்பு வழிகளில்தான். நடைபாதைச் சுவரில் ஒன்றரை மீட்டர் சந்து விட்டு 'மீனவர் வழி' என்று பலகை வைத்தால், ஆள் போகலாம், படகு போகாது. புயல் எச்சரிக்கை வந்ததும் வள்ளத்தை மேட்டுக்கு இழுக்க வேண்டும். இரு பக்கமும் ஆள் பிடித்து நடக்க இடம் வேண்டும், வலையும் ஐஸும் ஏற்றிய குட்டி யானை வண்டி எதிரே வந்து திரும்பவும் வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைந்த திறப்பை நான் ஏற்க மாட்டேன். படகு நிற்கும் கரையில் நூறு மீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். திறப்பின் இரு முனையிலும் நடைபாதை மட்டம் சரிவாக இறங்கி ஏற வேண்டும். படி வைத்தால் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

கரைவலைக்குத் திறப்பு மட்டும் போதாது. வலையின் இரண்டு கயிறுகளையும் இரு குழுக்கள் தூரத்தூர நின்று இழுத்து, இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. கரையோரமாகவே நடக்கிற தொழில் அது. வலை இழுக்கும் கரைப்பகுதியான பாட்டின் நடுவே ஒரு கல்குவியலோ இரும்புப் பெஞ்சோ இருந்தால் கயிறு சிக்கும். கடலுக்குள் கல் கொட்டினால் வலை கிழியும். ஆகவே பாட்டின் முழு நீளத்தையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வலை உலர்த்தும் மணல், கிழிந்த வலை பொத்தும் நிழல், கருவாடு காயும் இடம் மூன்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும். குறிக்காத இடத்தில்தான் பின்னால் செயற்கை நீரூற்று வந்து உட்காரும்.

சட்டத்தில் இதற்குப் பிடிமானம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் விடுதி விதிகள், இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல வழி விடச் சொல்கின்றன. வேலி போட்டாலும் மக்கள் கடலுக்குப் போவதை மறிக்கக் கூடாது என்கின்றன. மணல்மேட்டைச் சமப்படுத்தவும் தடை உண்டு. அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும். அவற்றைப் பிடுங்கிப் புல்தரை போடுவது, குடிநீருக்கே திண்டாடும் மாவட்டத்தில் தண்ணீரை மணலில் கொட்டுவது.

படிகளுக்கு வருவோம். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கரை தட்டையானது. 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள கரையில் தண்ணீர் 40 சென்டிமீட்டர் இறங்கினால் விளிம்பு 20 மீட்டர் தள்ளிப் போகும். கடைசிப் படி சேற்றில் நிற்கும். இதைப் பார்க்காமல் கட்டிய படித்துறையில் பெரியவர்கள் படியை விட்டுவிட்டுப் பக்கத்து மணலில் இறங்குவார்கள். தண்ணீர் ஏறி இறங்கும் படிகளில் பாசி பிடித்தே தீரும். மெருகேற்றிய கருங்கல்லும் தரை ஓடும் அங்கே ஆகாது. கொத்திய கல் அல்லது காடி வெட்டிய கான்கிரீட் வேண்டும். படி உயரம் 12 முதல் 15 சென்டிமீட்டர், மிதி 35 அல்லது 40. கைப்பிடி ஓரத்தில் மட்டும் இருந்தால் கூட்ட நாளில் யாருக்கும் எட்டாது. நடுவிலும் வேண்டும், தண்ணீருக்குள்ளும் இறங்க வேண்டும். அமாவாசைக்கு முந்தின நாள் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதற்கான கூலியைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, கடைசிப் படிக்கு அடியில் அலை மணலை அரிக்கும். மேலே படி உறுதியாகத் தெரியும், உள்ளே வெற்றிடம். ஒரு வாடைக் காலம் போனால் பாளம் உடைந்து சாயும். படியின் முன்விளிம்பில் அரிப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கும் தடுப்புச் சுவரும், படிக்கு அடியில் மணலைப் பிடித்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியும் இல்லாமல் படித்துறை கட்டக் கூடாது.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம். 75 சென்டிமீட்டர் ஏற 9 மீட்டர். மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 12. இடமில்லை என்று 5 மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலியில் வருபவர் தானாக ஏற முடியாது. மணலுக்கு மேலே போகும் பகுதியைக் கழற்றி மாட்டும் பலகைகளாகச் செய்வது நல்லது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. இங்கே வடகரையில் ஐப்பசிக்கு முன்பும், தென்கரையில் தென்மேற்குக் காற்று வலுக்கும் முன்பும் ஒரே நாளில் கழற்றி அடுக்க முடிகிற அளவில் பலகை இருக்க வேண்டும். நாலு பேர் தூக்க முடியாத பலகையை யாரும் கழற்ற மாட்டார்கள்.

துருவைப் பற்றிச் சுருக்கமாக: ஓதம் தொடும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456 கேட்பது எம் 40 தரம், கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் மூடாக்கு. துத்தநாகம் பூசிய குழாயில் பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகிறது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். எவர்சில்வர் என்றால் 316 ரகம், 304 ரகத்தில் துருப் புள்ளி விழும். உட்காரும் உயரத்தில், 45 சென்டிமீட்டரில், இடைவெளி விட்டுக் கல்திண்ணை போட்டால் பல இடங்களில் கைப்பிடிக் குழாயே தேவைப்படாது.

விளக்கு கடலைப் பார்க்கக் கூடாது. தனுஷ்கோடிக் கரையில் ஆமை முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு வெளிச்சத்தைத் தேடிச் சாலைக்குப் போகும். இடுப்புக்குக் கீழான கம்பம், மேல்மூடி, மஞ்சள் கலந்த செம்மை நிற ஒளி போதும்.

ஒப்பந்தப்புள்ளிக்கு முன் ஒரு வேலை மிச்சம். வரைபடத்தை மணலில் உண்மை அளவில் போடுங்கள். சுவர் வரும் இடமெல்லாம் சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலைக்கயிறு கட்டி, ஒரு அமாவாசை நடுவில் வரும்படி இரண்டு வாரம் விட்டுவையுங்கள். கயிறு எங்கெங்கே அவிழ்க்கப்பட்டிருக்கிறது, எங்கே தாழ்ந்து தொங்குகிறது என்று விடியற்காலையில் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். திறப்பு அங்கே வர வேண்டும்.