91-இடம் ஏமாந்த கதை

அக்கா பெண் ஆறாவது படிக்கிறாள். போன வாரம் ஒரு வீட்டுப்பாடம், 1 முதல் 100 வரை எழுதி அதில் பகா எண்களை மட்டும் வட்டமிட வேண்டும். "மாமா, 91 பகா எண்தானே?" என்று கேட்டாள். நான் டீயை ஆற்றிக்கொண்டே, நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆமாம் போடு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் நோட்டு என் மடியில் வந்து விழுந்தது. அந்த ஒரு வட்டத்தின் மேல் மட்டும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு மாமா!"

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், நான் குப்பை கொட்டுவது நிதிப் பிரிவில். அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்குவதற்காக ரிசர்வ் வங்கி ஏலம் விடும் ட்ரெஷரி பில்களைத் தினமும் பார்க்கிறவன். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை, மூன்றுமே 91-இன் மடங்குகள். 91 நாள் என்றால் சரியாகப் பதிமூன்று வாரம், அதனால் வியாழக்கிழமை வெளியான பில் வியாழக்கிழமையே முதிரும். 90 நாள் என்று வைத்திருந்தால் புதன்கிழமைக்குப் போய்விடும். பதிமூன்று வாரம், வாரத்துக்கு ஏழு நாள் என்று இத்தனை வருடம் கண் முன்னாலேயே கிடந்தும் அது மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

சரி, இந்த 91 மட்டும் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். நூறு வரை எழுதிக்கொண்டு, பகா எண்களைப் பிரித்தெடுக்கும் எரட்டோஸ்தனிஸ் சல்லடை போட்டேன். முதலில் 1-ஐ ஒதுக்கிவிட வேண்டும், அதற்கு இருப்பது ஒரே காரணி, பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வேண்டும். அப்புறம் 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகள் எல்லாவற்றையும் அடி, 3-க்கும் 5-க்கும் அதேபோல. இதுவரை சுலபம். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது பார்த்தவுடன் தெரியும், 5-இல் முடிவதும் தெரியும், 3-க்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும். அடுத்தது 7. இங்கேதான் ஆச்சரியம். 14, 21, 28, 35, 42 எல்லாம் ஏற்கெனவே அடிபட்டுவிட்டன. 49-இல் தொடங்கி நூறு வரை போனால், ஏழுக்காகப் புதிதாக அடிக்க வேண்டியவை மூன்றே மூன்று: 49, 77, 91. அத்தோடு சல்லடை முடிந்தது, ஏனென்றால் நூறுக்குள் இருக்கும் எந்தப் பகு எண்ணுக்கும் 1 அல்லாமல், பத்தோ பத்துக்குக் கீழேயோ ஒரு காரணி இருந்தே தீரும். இரண்டு காரணிகளும் பத்தைத் தாண்டினால் பெருக்கல் நூறைத் தாண்டிவிடுமே. மீதி நிற்பவை 25, அத்தனையும் பகா எண்கள்.

ஆக நூறுக்குள் சந்தேகப்பட வேண்டியவர்களே மூன்று பேர்தான். 49 ஏழேழு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். 77 முகத்திலேயே 11 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. 91 மட்டும்தான் திருட்டு முழி முழிக்காமல் நிற்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்தோடு, மிஞ்சினால் பன்னிரண்டோடு, அதாவது 84-ஓடு நிறுத்திவிட்டோம். அதற்கு அடுத்த படியில்தான் இது உட்கார்ந்திருக்கிறது. பதிமூன்றாம் வாய்ப்பாடு? படித்தேன், யாராவது கேட்டால் ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டு போனால்தான் வரும். ஆனால் 91-இல் 70 போனால் மிச்சம் 21 என்று ஒரு நொடி யோசித்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும்.

நூறைத் தாண்டினால் இந்தக் கூட்டம் பெருகுகிறது. 200 வரை 2, 3, 5 மூன்றுக்கும் பிடி கொடுக்காத பகு எண்கள் ஏழு: 119, 121, 133, 143, 161, 169, 187. இதில் 121-உம் 169-உம் வர்க்கங்கள், பழகிய முகங்கள். என்னைக் கேட்டால் மோசமான ஆள் 161 தான். ஏழு இருபத்து மூன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அக்கா பெண்ணுக்கு இப்போது இது விளையாட்டாகிவிட்டது. நேற்று சாப்பிடும்போது திடீரென்று, "மாமா, 221?" என்றாள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, வாஷ்பேசின் முன்னால் நின்று 7, 11 என்று வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிமூன்றுக்கு வருவதற்குள் உள்ளேயிருந்து குரல், "பதினேழு பதிமூணு மாமா!"