சம்பள விடுப்பு தீர்ந்த பிறகு இ.எஸ்.ஐ. பணம் வாங்கிய அனுபவம்

2024 ஆகஸ்டில் எனக்கு நுரையீரல் காசநோய் என்று உறுதியானது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கணக்கில் இருந்த 12 நாள் சம்பள விடுப்பு மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிட்டது. சிகிச்சையோ ஆறு மாதம். கம்பெனி அலுவலகத்தில் கேட்டபோது, "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், பி.எஃப். பணத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். நல்லவேளை, நான் கையெழுத்துப் போடவில்லை. இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு; அதில் நோய்க்காலப் பணம் பெறும் நாட்களில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. நானே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பிரிவு எனக்கு எப்படி உதவியிருக்கும்?

என் சம்பளம் 18,000 ரூபாய். அதில் மாதம் 135 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். மருந்து வாங்க மட்டும்தான் அது என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். எனக்கு நாள் கூலி 600 என்று கணக்கிட்டு 420 ரூபாய் தந்தார்கள். முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எனக்கு அது இருந்தது. முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை.

நான் தடுமாறிய இடம் சான்றிதழ். இ.எஸ்.ஐ. மருந்தகத்து மருத்துவர் தரும் ஓய்வுச் சான்றைப் பணம் கோரும் படிவம் 9உடன் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு வாரம் இருமலும் காய்ச்சலும் படுத்தியதால் மூன்று நாள் தாமதமாகப் போனேன். கிளை அலுவலக ஊழியர் இரண்டு சான்றுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று முடிந்த தேதிக்கும் அடுத்தது தொடங்கிய தேதிக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இந்த மூன்று நாளுக்குச் சான்று இல்லையே அம்மா" என்றார். 1,260 ரூபாய் போயிற்று. 15 நாளுக்குள் அடுத்த சான்று வாங்கிவிட்டதால் மறுபடியும் இரண்டு நாள் கழிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அதன்பிறகு காலண்டரில் ஒவ்வொரு சான்றும் முடியும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தேன். முடியாத நாளில் தம்பி பைக்கில் கூட்டிப்போனான்.

91 நாள் டிசம்பரில் முடியப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். மருந்தக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா, "டி.பி.க்கு நீட்டிப்பு உண்டு கண்ணு, நீதான் கேட்க வேண்டும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 91 நாளுக்குப் பிறகும் பணம் உண்டு. அதுவும் 80 சதவீதம். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், முந்தைய நான்கு ஆறுமாதச் சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா இருக்க வேண்டும். சளிப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, சிகிச்சை அட்டை எல்லாவற்றையும் நகலெடுத்து, 91 நாள் முடிவதற்கு முன்பே விண்ணப்பித்தேன். சிறப்பு மருத்துவரின் கருத்து வர வேண்டியிருந்ததால் மூன்று வாரம் கையில் பணமே இல்லை. பிறகு நாளுக்கு 480 ரூபாய் வீதம் நிலுவையோடு வங்கிக் கணக்கில் வந்தது.

அந்த மூன்று வாரத்தில், காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகைதான் முட்டைக்கும் பாலுக்கும் ஆனது. அந்த நவம்பரிலிருந்து அதை மாதம் 500இலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். இதற்கும் வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் மாத்திரை முடிந்தது, சளியில் கிருமி இல்லை என்று வந்தது. கடைசிச் சான்றின் ஒரு நகலைக் கிளை அலுவலகத்துக்கும் ஒன்றைக் கம்பெனிக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அதே செக்கிங் மேசையில் உட்கார்ந்தேன்.