அண்ணனின் கால்

"இது என் காலுதானேடா?"

அண்ணன் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. லேப்டாப்பில் ஆட்டப் பாட்டு ஓட்டுகிற என் செட் முடிந்து நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன், அவர் கடலூர் ஓல்ட் டவுனிலிருந்து பைக்கில் வந்து பின்னால் ஓரமாக நின்று முழுசாகக் கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. நான் சொன்ன பதில்தான் நாலு மாதமாக என்னைப் படுத்துகிறது: "பாதிதான் உங்களுது அண்ணா, கீழ 909 டிரம் மெஷின் சத்தத்த லேயர் பண்ணியிருக்கேன்."

பாதிதானாம். கறிக்கடையில் எடை சொல்கிற மாதிரி.

பத்து வருடம் ஒரே ராக் பேண்ட். நான் கிடார், அவர் டிரம்ஸ். ஜூன் 21 இசைத் திருவிழா வந்தால் பாண்டிச்சேரி தெருவிலேயே நின்று வாசித்திருக்கிறோம். பேண்ட் ஏன் நின்றது என்று இந்த ஊரில் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆட வேண்டும், நாலு பேருக்குக் கொடுக்கிற காசில் பாதியைக் கொடுத்தால் ஒருத்தன் லேப்டாப்போடு வந்து நிற்பான், டிரம்ஸுக்கு மைக் வைக்கிற வேலையும் மிச்சம். நான் மாறினேன், அவர் மாறவில்லை. மாறச் சொல்லி நான் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அந்தக் கிக், அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மின் சத்தம், எப்போதோ ஒரு சவுண்ட் செக்கில் அவர் மிதித்தது. அவருடைய பெடல் ஸ்பிரிங்கில் ஒரு 'கிரீச்' உண்டு, தேங்காய் எண்ணெய் விட்டாலும் போகாது. 909-இன் கிக் மின்சுற்றில் பிறந்த சத்தம். 1983-இல் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்தது, பாதி உலகம் இன்னமும் அதில்தான் ஆடுகிறது. வயிற்றில் இடிக்கும், ஆனால் அதில் ஆள் கிடையாது. அண்ணன் மிதித்ததில் அடி பேஸை வெட்டிவிட்டு, தோலில் பெடலின் சுத்தி படுகிற அந்த 'டக்'கை மட்டும் அதன் மேல் வைத்தேன். அப்புறம்தான் சத்தம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கிரீச்சையும் எடுக்கவில்லை, பிடித்திருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

நிமிடத்துக்கு 128 அடி. கிக் நிற்கிற இடங்களைக் கழிக்காமல் பார்த்தால் மணிக்கு 7,680. அவர் மிதித்தது ஒரே ஒரு தடவை.

சரி, இதில் என்ன தப்பு, சாம்ப்பிள் என்று அடுத்தவர் வாசித்ததில் ஒரு துண்டு எடுக்காதவன் யார் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கு டிரம்ஸ் வாசித்தவர், 1969-இல் அவர் வாசித்த சில நொடிகளை நூற்றுக்கணக்கான ஹிப்ஹாப் பாட்டுகளில் வெட்டி ஒட்டினார்கள். பாட்டு அவர் பெயரில் இல்லாததால் ராயல்டி அவருக்குப் போகவில்லை, 2017-இல் இறந்துபோனார். இந்தக் கதையை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அநியாயம் அண்ணா அநியாயம் என்று அண்ணனுக்குச் சொன்னதே நான்தான். அன்றைக்கு டீக்குக் காசு கொடுத்தது அவர்.

பணம் கொடுக்கலாம். எவ்வளவு? ஒரு மிதிக்கா, 7,680-க்கா? கொடுத்தால் வாங்குவாரா, பெடலைத் தூக்கி என் மேல் எறிவாரா? எறிந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. ஆனால் நானும் வாடகை கட்டத்தானே இதற்கு வந்தேன், பேண்டைக் கலைத்தது நான் மட்டுமா?

பாதிதான் என்று நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் விட்டுட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கலாம்லடா" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது, அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. தவளக்குப்பம் வழியாக அந்த நேரத்தில் தனியாகப் போகாதீர்கள், தங்கிவிட்டுப் போங்கள் என்றேன். காலையில் சர்ச்சில் வாசிக்கணும் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனுடையதை எடுத்துவிட்டு வெறும் 909-ஐ வைத்து ஓட்டினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதே ஆட்டம், அதே கூச்சல்.

அதற்கடுத்த வாரம் திரும்பப் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.