அரிய பறவை வந்திருக்கிறதா? முதலில் ஓத நேரத்தைப் பாருங்கள்

கடற்கரை ஊர் ஒன்றில் அரிய கரைப்பறவை இறங்கியிருப்பதாகத் தகவல் பரவினால், ஒரே நாளில் அங்கே கூட்டம் கூடிவிடும். கிளம்புமுன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஓதம் வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் பரந்த சேற்றுவெளியில் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு நல்ல ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தாலும் புள்ளிகளாகத்தான் தெரியும். உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கும். ஓத நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, “நேற்று ஏழு மணிக்கு இருந்தது” என்பதை நம்பி இன்றும் ஏழு மணிக்குப் போய் நிற்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் மிக உயரும்; பறவைகள் ஒதுங்கும் திட்டே மூழ்கிவிடலாம். அப்போது பறவைக் கூட்டம் வேறிடம் தேடிப் பறந்துவிடும்.

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெயில் ஏறினால் கானல் அலையும்; ஸ்கோப்பில் 60 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் அந்த அலைவும் சேர்ந்தே பெரிதாகும். 25, 30 மடங்கே போதும். காற்று பலமாக இருந்தால் டிரைபாட் கால்களை நீட்டாமல் தரையில் உட்கார்ந்து பாருங்கள். லென்ஸில் உப்பும் மணலும் படிந்தால் சட்டை நுனியால் துடைக்கவே கூடாது, கீறல் விழும். முதலில் ஊதித் தள்ளி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

அடையாளம் காண்பதில் அவசரம் வேண்டாம். உலகிலேயே சில நூறு முதிர்ந்த பறவைகள்தான் மிஞ்சியிருக்கும், அலகு நுனி கரண்டி போல் விரிந்த கரண்டிமூக்கு உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அதன் அலகு சாதாரணமாகத்தான் தெரியும். மறுபக்கம், அதைப் போலவே சிறிய கரைப்பறவையான கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு உருண்டு ஒட்டியிருந்தால் கரண்டி போலவே ஏமாற்றும். நேருக்கு நேர் திரும்பும்வரை காத்திருங்கள். பறக்கும்போது இரண்டு இறக்கைகளையும் படமெடுத்துவிடுங்கள். கிழக்கு ரஷ்யாவின் ஸ்டெல்லர் கடற்கழுகு 2021 இறுதியில் அமெரிக்காவின் மெய்ன் கரையில் தென்பட்டபோது, முன்பு கனடாவில் பார்த்த அதே பறவைதான் என்று சொல்ல இறக்கையின் வெள்ளைத் திட்டுகள்தான் உதவின.

காரியம் கெடுவது பெரும்பாலும் யாராவது ஒருவர் பத்தடி முன்னே போவதால்தான். பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், கத்தத் தொடங்கினால் பின்வாங்குங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து வந்த உடம்பு அது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் கொஞ்சம் கொழுப்பு கரைகிறது. குரல் பதிவை ஒலிக்கவிடுவதும் டிரோன் பறக்கவிடுவதும் கூடவே கூடாது.

ஊர்க்காரர்களின் படகு இறக்கும் பாதையிலும் வலை காயும் இடத்திலும் வண்டி நிறுத்தாதீர்கள். எந்தத் திட்டில் பறவை தங்கும் என்பதும் பெரும்பாலும் மீனவர்களுக்குத்தான் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

பார்த்ததைப் பதியும்போது நேரத்தோடு ஓத நிலை, பறந்த திசை இரண்டையும் எழுதுங்கள். காணவில்லை என்றாலும், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று பதியுங்கள். அடுத்து வருபவர் எங்கே தேடுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார். கூடு கட்டியிருந்தால் மட்டும் இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள்.