பழைய மல்டிமீட்டரை நெட்வொர்க்கில் பேசவைத்த ஒரு வாரம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு எச்பி 3458ஏ மல்டிமீட்டர் இருக்கிறது. 1989இல் வெளிவந்த மாடல், எட்டரை இலக்கம் காட்டும். இன்றைக்கு அதற்கு ஈடாக இன்னொன்று வாங்க எங்களிடம் பணமில்லை. ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜ், அதாவது மற்ற அளவுகளை ஒப்பிட வைத்திருக்கும் நிலையான மின்னழுத்தம், இரவு முழுக்க எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆள் உள்ளே போய்வந்தாலே அறையின் வெப்பநிலை மாறும் என்பதால் அடுத்த கட்டடத்திலிருந்தே ரீடிங் எடுக்க நினைத்தோம்.

மீட்டரில் ஜிபிஐபி மட்டும்தான், அதாவது அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை இணைப்பு. அதை ஈதர்நெட்டுக்கு மாற்றும் கேட்வே பெட்டியைப் பொருத்தி, பைத்தானில், கருவிகளோடு பேச உதவும் பைவிசா என்ற நிரல் தொகுப்பை வைத்து நிரல் எழுதினேன். கிடைத்த பதில் 'டைம்அவுட்', அதாவது காத்திருந்த நேரத்துக்குள் மீட்டரின் பதில் முழுதாக வந்து சேரவில்லை. பிங் (பெட்டி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, கேட்வேயின் அமைப்புப் பக்கம் பிரவுசரில் திறக்கிறது, ஆனாலும் டைம்அவுட்.

இரண்டு நாள் எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். மீட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யவும் மனம் வரவில்லை. சூடேறி நிலைக்க அதற்கு நான்கு மணி நேரம் வேண்டும். கடைசியில் நெட்வொர்க்கையே ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பை மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து யுஎஸ்பி-ஜிபிஐபி கேபிளில் நேராக இணைத்தேன். அங்கேயும் டைம்அவுட். உண்மையில் அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது: கோளாறில் ஒரு பங்காவது என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கருவியிடம் பெயர் கேட்க நான் அனுப்பியது 'ஸ்டார் ஐடிஎன்' கட்டளை. அது கருவிகளின் கட்டளைகளுக்காக 1987இல் வந்த ஐஈஈஈ 488.2 தரத்தின் வழக்கம். 3458ஏ பேசுவது வேறு மொழி. அதனிடம் வெறும் 'ஐடி'யோடு கேள்விக்குறி சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோது எழுத்துகள் வந்தன, ஆனால் டைம்அவுட்டும் கூடவே வந்தது. பதில் முடிந்தது என்று சொல்லும் ஈஓஐ சிக்னலை இந்த மீட்டர் தானாக அனுப்பாது. 'எண்ட் ஆல்வேஸ்' என்று ஒருமுறை சொன்ன பிறகுதான் அனுப்பும். சொன்னேன், பெயர் சுத்தமாக வந்தது.

சரி, இனி ரீடிங் எடுக்கலாம் என்றால் மறுபடியும் அதே செய்தி. இதற்குக் கணக்கு போட்டதும் விடை கிடைத்தது. ஒரு ரீடிங்குக்கு மின்சாரத்தின் 100 சுற்றுகள் என்று வைத்திருந்தேன். 50 ஹெர்ட்ஸில் அது 2 விநாடி. ஒவ்வொரு ரீடிங்கோடும் மீட்டர் தன் பூஜ்யத்தையும் அளந்து கழிக்கும் ஆட்டோசீரோ அதை இரட்டிப்பாக்கும், ஆக 4 விநாடி. பைவிசா இயல்பாகக் காத்திருப்பதோ 2 விநாடி. காத்திருப்பை 10 விநாடி ஆக்கினேன்.

அப்புறம் அடுத்த கட்டடத்துக்குத் திரும்பினால் பழைய கதை. நெட்வொர்க்கில் போய்வரும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க் நிரலில் பார்த்தேன். இந்த கேட்வே பேசும் விஎக்ஸ்ஐ-11 முறையில் கணினி முதலில் 111ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது நெட்வொர்க் பேச்சுக்கான எண்ணிட்ட வாசல்) போய் 'எந்த போர்ட்டில் பேசலாம்?' என்று கேட்கும். கேட்வே வேறொரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைத் தட்டினால் பதிலே இல்லை. நடுவிலிருந்த ஃபயர்வாலில் நாங்கள் கேட்டுத் திறந்து வைத்திருந்தது 111 மட்டும்!

இன்னொரு போர்ட்டையும் திறக்கச் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த எண் நிலையாக இருக்கும் என்ற உறுதி இல்லை. அதைவிட, விஎக்ஸ்ஐ-11இல் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே கிடையாது. எட்டும் தூரத்தில் உள்ள எவரும் மீட்டருக்குக் கட்டளை போடலாம். இப்படிப்பட்ட கருவிகளைப் பொது நெட்வொர்க்கில் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகக் கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, கேட்வேயைத் தனி ஸ்விட்ச்சில் அதோடு சேர்த்தோம். நிரல் அந்தக் கணினியிலேயே ஓடுகிறது, நாங்கள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உள்ளே போகிறோம்.

மூன்றாம் இரவு கரண்ட் போய் வந்தது, காலையில் திரையில் டைம்அவுட். மீட்டர் புதிதாக ஆனாகி, 'எண்ட் ஆல்வேஸை' மறந்துவிட்டிருந்தது. இந்த முறை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு முறை இணையும்போதும் நிரல் முதலில் அதைச் சொல்லிவிடுகிறது. மின்தடைக்குப் பிந்திய நான்கு மணி நேர ரீடிங்குகளையும் தனியாகக் குறித்து வைக்கிறது.