குதிக்க வராதவன் என்பிஏவில் நிலைப்பானா?

கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளை அள்ளிக் குவிக்கிறான், ஆனால் வேகமும் இல்லை, எம்பிக் குதிக்கவும் வராது. இப்படிப்பட்ட பையன் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் தேறுவானா? தேறுவான் என்றுதான் சொல்வேன், பந்து எப்போதும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால்.

அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2006-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். கொன்சாகா பல்கலைக்கழகத்தின் ஆடம் மாரிசன் ஆட்டத்துக்குச் சராசரியாக 28 புள்ளிகள் எடுத்து கல்லூரி வீரர்களில் நாட்டிலேயே முதலிடம், சார்லட் அணி அவரை 3-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. முழங்கால் காயமும் சேர்ந்துகொள்ள, சில வருடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அதே டிராஃப்டில் 11-ஆவதாகப் போன டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேஜே ரெடிக் 15 சீசன் ஆடினார்!

ஆரம்பத்தில் ரெடிக்குக்கும் பெரும்பாலும் பெஞ்சுதான். அப்புறம் பந்தில்லாமல் ஓடுவதையே தன் தொழிலாக்கிக்கொண்டார். சக வீரர் ஸ்கிரீன் போடுவார், அதாவது துரத்துபவரின் வழியை மறித்து அசையாமல் நிற்பார், அவரைத் தோளால் உரசியபடி ரெடிக் வளைந்து வருவார், துரத்துபவர் அரை அடி பின்தங்குவார், பந்து கைக்கு வரும்போதே பாதங்கள் கூடையைப் பார்த்துத் தயாராக நிற்கும், அவ்வளவுதான், எறிந்துவிடுவார். இதற்கு உயரக் குதிக்க வேண்டாம், மூச்சு வேண்டும்.

தடுப்பாட்டம்தான் எனக்குப் பயம். மெதுவான கால்கள் யாருடையவை என்று எதிரணிக்கு உடனே தெரிந்துவிடும், ஸ்கிரீன் போட்டுப் போட்டு அவனையே தங்கள் சிறந்த வீரனுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்கள். சரியான இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கக் கற்றுக்கொண்டால் மட்டுமே பயிற்சியாளர் அவனைக் கடைசி நிமிடங்களில் களத்தில் விட்டுவைப்பார்.